நான் யாரு சொல்லு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. கரும்பு வெட்டும் ஆளாகத் தோகைக்குள் நுழைந்து, வெட்டு மேஸ்திரியாக வெளியே வந்தவன். கல்வராயன் மலையிலிருந்து ஆள் இறக்கி, கீழ்நாட்டில் கரும்பு வெட்டவைத்து, ஆலைக்கு லோடு அனுப்புவது என் தொழில். கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கரும்பு போட்டிருக்கிறவன் எவனாக இருந்தாலும், ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்ததும் முதலில் என் நம்பரைத்தான் போடுவான். லாரி இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, மலைக்குப் போய்வர ஜீப் இருக்கிறது, வீட்டுக்குக் கார் இருக்கிறது, பைபாஸ் ஓரத்தில் மாடி வீடு இருக்கிறது. எவனும் எனக்குக் கொடுத்ததில்லை. நானாகச் சேர்த்தது.

வீட்டுக்கு ஆள் உயரத்துக்கு இரும்பு கேட் போட்டேன். பூட்டு மட்டும் வாங்கவில்லை. மேஸ்திரி வீட்டில் எப்போது போனாலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். அந்த வீட்டில்தான் என் பேத்தி பேச்சை நிறுத்தினாள்.

அவளுக்கு ஒன்பது வயது. பொங்கல் கழிந்து வெட்டு மும்முரமாக இருந்த நேரம். பள்ளிக்கூடம் விட்டு மகன் பைக்கில் அழைத்து வந்துகொண்டிருந்தான். கச்சிராயபாளையம் ரோட்டில் நாய் குறுக்கே ஓடியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பிள்ளை போய் ரோட்டோரக் கல்லில் விழுந்தாள். தலையின் இடது பக்கம். அன்றிலிருந்து மகன் அவளை நேராகப் பார்ப்பதில்லை. லாரியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனால், லோடு இறக்க டோக்கன் கிடைத்து வேலை முடிந்துவிட்டாலும் அங்கேயே கிடப்பான். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பது போதும் என்று விட்டுவிட்டேன்.

பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். தலையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். கண் திறக்காமல் கிடந்தாள், பிறகு திறந்தாள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உயிருக்குப் பயமில்லை, இனிமேல்தான் வேலையே இருக்கிறது என்றார். என் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, என் பேத்தி பிழைத்துவிட்டாள் என்று சொன்னேன். வாங்க, வந்து பாருங்க என்றும் சொன்னேன்.

மொட்டைத் தலையில் லாடம் மாதிரி ஒரு தழும்போடு வீட்டுக்கு வந்தாள். வலது கால் கொஞ்சம் இழுத்தது. வலது கை தன்னுடையது இல்லாததுபோல் தொங்கியது. நாம் சொல்வது எல்லாம் புரிந்தது. யாரைப் பார்த்தாலும் தெரிந்தது. பேர்தான் வரவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் காட்டி, "அது, அந்த அது" என்பாள். கரண்டி வேண்டும் என்பதற்கு சைக்கிள் என்றாள் ஒரு தடவை. சொன்னதும் தப்பு என்று அவளுக்கே தெரிந்து முகம் சுருங்கிப்போகும். அம்மா, சோறு, வேணாம் என்று கொஞ்சம் வார்த்தைகள் தப்பாமல் வந்தன. அதுவே பெரிது என்று இருந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் திரும்பிவிட்டால், தெரிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் அது பகை. என் வீட்டுக்கு வந்த கூட்டம் வேறு எவன் வீட்டுக்கும் வந்திருக்காது. பிரட் பாக்கெட், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில் என்று அலமாரியில் வைக்க இடமில்லை. என் மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. டீ போடுவது, டம்ளர் கழுவுவது எல்லாம் மருமகள் ஒருத்திதான். வந்தவர்கள் உட்கார்ந்ததும் நாய் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்பார்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிடுவார்கள். காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் குரலை உயர்த்துவார்கள்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து மனைவி வழிச் சொந்தக்காரர் ஒருவர் பெண்டாட்டியோடு வந்தார்.

"கண்ணு, நான் யாரு சொல்லு?"

பேத்தி அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "ம்... அந்த..."

"சொல்லு, சொல்லு. போன தீமிதிக்கு உனக்கு பலூன் வாங்கிக் குடுத்தேனே. மறந்துட்டியா?"

"நீங்க மீசைய எடுத்துட்டீங்க, அதான் புள்ளைக்கு அடையாளம் தெரில" என்றாள் அவர் பெண்டாட்டி.

"மீசை இருக்கசொல்ல மட்டும் நீ என்னை அடையாளம் கண்டுக்கினியா?" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். பிள்ளையும் சிரித்தாள். உடனே அவர், "சரி, அது போவட்டும். இது யாரு சொல்லு?" என்று பெண்டாட்டியைக் காட்டினார்.

இப்படித்தான். சொல்லிவிட்டால் கைதட்டுவார்கள். சொல்லாவிட்டால் நாக்கைச் சப்புக்கொட்டி, பிள்ளைக்கு முன்னாலேயே, "மூளைல அடின்னா அவ்ளோதாம்பா" என்பார்கள். ஒருவரும் கெட்ட மனசோடு கேட்கவில்லை. பாசத்தில் கேட்டார்கள். கேட்காமல் எழுந்து போனால் பிள்ளையைக் கவனிக்கவே இல்லை என்று ஆகிவிடும். நானும்தான் சாயங்காலமானால் அவளை வராண்டாவுக்குக் கூட்டிவரச் சொல்லி, "இவர் யாருன்னு சொல்லும்மா" என்பேன். ஒருநாள் இரும்புக்கடைக்காரரைப் பார்த்து, "பாய்" என்று சட்டென்று சொன்னாள். அன்று எனக்கு ஆலை வாசலில் முதல் டோக்கன் கிடைத்த மாதிரி இருந்தது.

மணலூர்பேட்டையிலிருந்து என் அக்கா வந்தாள். அம்மா இறந்தபோது நான் தவழ்கிற பிள்ளை. அக்காதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு களையெடுக்கப் போனவள். ஆயா ஆயா என்று என் பேத்திக்கு அவள் மேல் உயிர். லீவு விட்டால் மணலூர்பேட்டைக்குப் போகவேண்டும் என்று நிற்பாள். அக்கா செருப்பை விடுவதற்கு முன்பே, "நான் யாரு சொல்லுடி என் தங்கமே" என்று அவள் முகத்தைப் பிடித்தாள். பேத்தி வாயைத் திறந்தாள். வந்த சத்தம் எந்தப் பேராகவும் இல்லை. அக்கா தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "என்னையே மறந்துட்சே, என்னையே மறந்துட்சே." பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, சுவர் வரைக்கும் போனாள்.

அதற்குப் பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் பைக் நிற்கும் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இழுத்து வந்து உட்காரவைத்தால் தரையைப் பார்ப்பாள். உதடுகூட அசையாது. கடைசியில் எங்களிடமும் பேசவில்லை. வந்துகொண்டிருந்த அம்மா, சோறு, வேணாம் கூடப் போய்விட்டது. மருமகளின் புடவையைப் பிடித்து இழுத்து, வேண்டியதைக் கையால் காட்டினாள்.

வாரத்தில் இரண்டு நாள் ஊருக்குள் பயிற்சிக்குக் கூட்டிப்போவோம். தெருவோரத்தில் ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் கை கால் பழக்குவார்கள், ஒரு பக்கம் பேச்சு பழக்குவார்கள். பேச்சுக்கு வருகிற பெண் சின்னசேலத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சின்ன வயசு. எல்லோரும் டீச்சர் என்போம். பிள்ளை வாயே திறக்காததைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக உட்காரச் சொன்னாள்.

"வூட்டுக்கு நிறைய பேர் வர்றாங்களா ஐயா?"

"வராம? மேஸ்திரி வூடும்மா."

"வந்து இன்னா பேசறாங்க?"

"தெரியுதான்னு கேப்பாங்க. நான் யாரு சொல்லுன்னு கேப்பாங்க. ஞாபகம் வரணும் இல்ல."

"நீங்க கடைசியா எப்ப பரீட்சை எழுதுனீங்க?"

"எழுதுனதே இல்ல. வாத்தியார் பரீட்சைன்னு சொன்ன அன்னிக்கே ஓடி வந்துட்டேன்."

"உங்களால ஓட முடிஞ்சுது. இவளுக்கு நெதம் பரீட்சை, ஓடறதுக்குக் காலும் சரியில்ல. அதான் வாய மூடிக்கினா."

எனக்குச் சுருக்கென்றது. இந்த வயசில் என்னை ஒருத்தரும் அப்படிப் பேசியதில்லை. எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் விடாமல் சொன்னாள். வார்த்தை எல்லாம் தலைக்குள் ரேஷன் கடைச் சரக்கு மாதிரி இருக்கத்தான் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் அடிபட்டுக் கிடக்கிறான். அவன் தடவித் தடவி எடுக்கும்போது வெளியே கூட்டம் நின்று சத்தம் போட்டால், அவன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவான். இப்போது சாத்திவிட்டான்.

"ரொம்ப நாள் சாத்தியே கெடந்தா, பேசாம இருக்கறதே அவளுக்குப் பழகிடும் ஐயா. அப்புறம் தெறக்கறது கஷ்டம். நான் பயமுறுத்தல. நெஜத்த சொல்றேன்."

"பேச சொல்லாம எப்படிம்மா பேசும்?"

"கேக்காதீங்க. நீங்க சொல்லுங்க. தாத்தா வந்துட்டேன், வெயில் ஜாஸ்தி, மோர் குடிக்கப் போறேன்னு சொல்லிக்கினே இருங்க. அவ பதில் சொல்லலன்னா வுட்டுடுங்க. காத்துக்கினு இருக்கணும்."

காத்திருப்பது எனக்குத் தெரியாத வேலை. வெட்டு ஆள் ஒருத்தன் அரிவாளைத் தீட்டிக்கொண்டே நின்றால்கூட எனக்குப் பொறுக்காது. இருந்தாலும் பேத்தி விஷயம். வருகிறவர்களிடம் பிள்ளையை ஒன்றும் கேட்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லி வைத்தேன். சரி என்பார்கள். டீ ஆறுவதற்குள் கேட்டுவிடுவார்கள். "கேக்கக் கூடாதுன்னு உங்க தாத்தா சொல்றாரு கண்ணு, அது கெடக்குது, நான் யாரு சொல்லு" என்று கேட்டவரும் உண்டு.

பஜாருக்குப் போய் இரும்புக்கடை பாயிடம் பூட்டு கேட்டேன். நாற்பது வருஷப் பழக்கம். நான் அரிவாள் வாங்கியதும் அந்தக் கடையில்தான்.

"யாரு இன்னாத்த திருடுனான் மேஸ்திரி?"

"திருட்டு இல்ல பாய். ஆளுங்க வராம இருக்கறதுக்கு."

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு பூட்டை எடுத்துத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் சேத்தா?"

"உனக்கும் சேத்துதான்."

"என் பேரை கரெக்டா சொல்லிச்சே அந்தப் பொண்ணு. பாஸ் பண்ணவனையும் வெளிய நிக்க வெக்கிறியே." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பெரிய சாவியா குடுத்திருக்கேன். தொலைக்காத" என்றார்.

கேட்டைப் பூட்டினேன். வந்தவர்கள் கம்பிக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போனார்கள். சிலர் பழத்தைக் கம்பி வழியாகக் கொடுத்தார்கள். மேஸ்திரிக்குத் திமிர் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அவர்கள் கரும்பை வெட்ட நான்தான் ஆள் இறக்க வேண்டும்.

அக்காவுக்கு மட்டும் வராதே என்று சொல்லியனுப்ப மனசு வரவில்லை. அவளாக ஒருநாள் மத்தியானம் முறுக்குப் பையோடு வந்து நின்றாள். மருமகள் என்னைக் கூப்பிட்டாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"இன்னாடா இது, ஜெயிலு மாதிரி?"

"யாரையும் உள்ள வுடறது இல்லக்கா. டீச்சர் சொல்லியிருக்காங்க."

"யாரையும்னா, நானும் அதுல ஒருத்தியா?"

"நீ வா. நீ வராம யாரு வருவா. ஆனா பாப்பாகிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது."

"கேட்டா?"

"கேக்கக் கூடாதுக்கா."

அவள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "உன் மூக்கு ஒழுகசொல்ல முந்தானையால தொடச்சவ நானு. நம்ம வூட்டுப் புள்ளகிட்ட இன்னா பேசணும்னு எவளோ ஒருத்தி உனக்கு சொல்லிக் குடுக்கறா, நீ எனக்கு சொல்லிக் குடுக்கறியா?"

"பாப்பா பேசணுமா வேணாமா? அத சொல்லு."

"கேக்காம வுட்டா அதுக்கு நான் இருக்கறதே மறந்து பூடும்டா. நீ வேணா பாத்துக்கினே இரு."

முறுக்குப் பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டினாள். வெயிலில் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்து ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். நான் நின்றுகொண்டே இருந்தேன். வைகாசியில் அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு எனக்குச் சொல்லவில்லை. போன் போட்டால் அவள் மகன் எடுத்து, அம்மா கொல்லையில் இருக்கிறாள் என்பான். எப்போது போட்டாலும் அவள் கொல்லையில்தான் இருந்தாள்.

பூட்டுக்குப் பலன் இல்லாமல் இல்லை. பிள்ளை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். சாப்பாடு இறங்கியது. வராண்டாவில் நின்று ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்தாள். நானும் டீச்சர் சொன்னபடி சொல்லிக்கொண்டே இருந்தேன். தாத்தா வந்துட்டேன், கால் கழுவறேன், இது வெல்லம், இது இனிக்கும். அறுபத்தைந்து வயசில் தனக்குத்தானே பேசும் ஆளாகிவிட்டேன். பேச்சு மட்டும் வரவில்லை.

பயிற்சி நடக்கும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச் இருக்கும். வெள்ளிமலைப் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வருவாள். நாவல் மரத்திலிருந்து விழுந்தவன். கழுத்து இன்னும் நிற்கவில்லை. அவள் புருஷன் என்னிடம் வெட்டுக்கு வந்தவன்தான். அதனால் என்னைத் தெரியும்.

"கேட்ட பூட்டிட்டீங்களாமே மேஸ்திரி" என்றாள்.

நான் டீச்சரே தோற்றுப்போகும் அளவுக்கு அவளுக்கு விளக்கம் சொன்னேன். ரேஷன் கடை, எடுத்துக் கொடுக்கிற ஆள், எல்லாம். அவள் மகனின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்களுக்குப் பூட்டு வேணாங்க. ஒருத்தரும் வர்றதில்ல. மொதல்ல வந்தாங்க. இப்ப பக்கத்து வூட்டுக்காரி கூட வாசல் வழியா வராம, பின்னால சுத்திக்கினு தண்ணிக்குப் போறா."

"ஏன், சண்டையா?"

"சண்டை இல்லீங்க. பாத்தா இன்னா பேசறதுன்னு தெரில போல. நான் இவங்கிட்டயே நாளெல்லாம் பேசறேன். சாயந்தரம் ஆனா என் கொரலே எனக்குப் பிடிக்கல."

மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவு வளைவாக அந்தப் பையனின் தலையைத் தாங்கிக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்தது. அன்றைக்கே என் ஜீப் டிரைவரிடம் சொன்னேன், பயிற்சி நாளில் அவளை ஏற்றிவந்து ஏற்றிப்போய் விட வேண்டும் என்று. இன்றைக்கும் ஜீப் போகிறது. நான் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அவளுக்கு வேண்டியதில் பாதிதான் ஜீப் என்பது எனக்குத் தெரியும். மீதியை ஏற்றிக்கொண்டு போக என்னிடம் வண்டி இல்லை.

வீட்டுக்கு வந்து மருமகளைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் அன்றுதான் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிள்ளைக்கு இட்லி பிட்டு வைத்துக்கொண்டே, "இது இட்லி, சூடா இருக்கு, அம்மா ஊதறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

அவள் திரும்பவில்லை. "டீச்சர் சொன்னத எல்லாம் செஞ்சோம் மாமா. பாப்பா பேசல. உங்க புள்ள எங்கிட்ட பேசறதில்ல. வூட்டுக்கு வந்துக்கினு இருந்த பொம்பளைங்களும் இல்ல. இப்ப நானும் பேசல."

சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தேன். அவளே சொன்னாள். "மணலூர்பேட்டைக்கு ஒருவாட்டி போயிட்டு வரலாம் மாமா. இங்க வந்தாதான் எல்லாரும் கேள்வி கேக்கறாங்க. அங்க நாமதான் விருந்தாளி. நமக்கு டீ குடுப்பாங்க, அவ்ளோதான்."

"அக்கா கோவமா இருக்காளே."

"கோவமா இருந்தா நல்லதுதான். பேச மாட்டாங்க."

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று முகத்தில் தெரியவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை நானே காரை எடுத்தேன். ஆனி மாதம், முதல் மழை பெய்திருந்தது. பிள்ளை முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வாசலில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மணிலாக் கடலையை மிஷினில் கொடுத்து உடைத்தால் முளை அடிபடும் என்று அவள் விதைக்கு மட்டும் கையால்தான் உடைப்பாள். மருமகளைப் பார்த்து, "வாம்மா" என்றாள். எனக்கு அதுவும் இல்லை. எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் எவ்வளவு பிரயாசைப்பட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி கடலையை உடைத்தாள். நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கோழி மேய்கிற சத்தமும் ஓடு உடைகிற சத்தமும்தான்.

பேத்தி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காலை இழுத்து இழுத்துப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையால் ஒரு கடலையை எடுத்தாள். அழுத்திப் பார்த்தாள். ஒரு கையால் உடைக்க வரவில்லை. தரையில் வைத்துக் குதிகாலால் மிதித்தாள், உருண்டு ஓடியது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் கிடந்த சின்னக் கல்லைக் கையால் தள்ளிவிட்டாள். பேத்தி கல்லை எடுத்துத் தட்டினாள். உடைந்தது. பருப்பு இரண்டையும் முறத்தில் போட்டாள். இன்னொன்று. இன்னொன்று. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் மூச்சுக்கூட மெதுவாக விட்டேன்.

ஒரு கடலைக்குள் பருப்பு கறுத்துச் சுருங்கி இருந்தது. அதை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சொத்த" என்றாள்.

கட்டைக் குரலாக இருந்தது, பல நாள் திறக்காத பெட்டியைத் திறந்த மாதிரி. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் வீம்பு எல்லாம் ஒரு நொடியில் போனது. முறத்தைத் தள்ளிவிட்டுப் பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"என் தங்கமே. பேசிட்டியா. நான் யாரு சொல்லு?"

நான் கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பேத்தியின் கண் அக்காவின் முகத்திலேயே இருந்தது. உதடு ஒரு தடவை அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது. கையிலிருந்த சொத்தைக் கடலையைத் தரையில் வைத்தாள். கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். கண் தரைக்கு இறங்கியது.

அக்கா அதைப் பார்த்தாள். முகத்தைப் பிடித்திருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். கையை மெதுவாக எடுத்தாள்.

"வாயில வந்துட்சிடா" என்றாள் என்னிடம்.

வயலாக இருந்தால் அந்த நேரத்தில் நான் போடும் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். ஆனால், "கண்ணு, இன்னொரு வாட்டி சொல்லு" என்பது என் நாக்கு நுனியிலும் நின்றுகொண்டிருந்தது. அக்கா முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

"வுடுக்கா" என்றேன்.

அவள் முறத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். யாரிடமும் இல்லாமல், "சொத்தைய போட்டா மொளைக்காது. பொறுக்கி எடுத்துடணும்" என்றாள். நானும் போய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மருமகளும் உட்கார்ந்தாள். மூன்று பேரும் உடைத்தோம். பிள்ளை மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது அக்கா கார் வரைக்கும் வந்தாள். பிள்ளையைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. டீச்சரிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"ஒருவாட்டி வந்தது இன்னொருவாட்டி வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது ஐயா. ஆனா வந்த எடத்துக்கே திருப்பிக் கூட்டிக்கினு போங்க."

"அக்கா மறுபடியும் கேட்டுட்டா?"

"கேக்கலாம். நாமல்லாம் மனுசங்கதான?"

அந்த வாரம் அக்காவே போன் செய்தாள். கேட்டில் பை மாட்டிவிட்டுப் போன பிறகு அதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வா. கடலைய அப்படியே வச்சிருக்கேன்."

"மழை பேஞ்சு ஈரம் இருக்குதே. இன்னும் வெதைக்கலையா?"

"ஒடைச்சாதான வெதைக்க."

"ஆள வுட்டு ஒடைக்க வேண்டியதுதான? நான் நாலு பேர அனுப்பவா?"

"ஒரு ஆளும் வேணாம். அது வந்து ஒடைக்கட்டும்."

"ஈரம் காஞ்சிடும்க்கா."

"எனக்குத் தெரியாதா? நீ எனக்கு வெவசாயம் சொல்லிக் குடுக்காத" என்று வைத்துவிட்டாள்.

போனோம். பிள்ளை கல்லை எடுத்துத் தட்டினாள். முறத்தில் போட்டாள். அக்கா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வரைக்கும் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அக்கா பாதி முறத்துக்கு மேல் உடைக்க விடுவதில்லை. மீதியை மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறாள்.

நாளைக்கும் போக வேண்டும். சொன்ன நாளில் வெட்டை முடிக்காமல் நான் எந்த வயலையும் விட்டு வந்ததில்லை. இதற்கு எந்த நாளைச் சொல்வது என்று தெரியவில்லை. போன வாரம் திரும்பும்போது பெண்ணையாற்றுப் பக்கம் காரை மெதுவாக ஓட்டினேன். எல்லா நிலத்திலும் விதைத்து முடித்து, சிலதில் முளைகூட வந்துவிட்டது. அக்காவின் நிலம் மட்டும் உழுதபடி கிடந்தது. மேல்மண் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது யாருடைய நிலம் என்று நான் கேட்கவில்லை. "இது நம்ம ஆயா நெலம். இன்னும் வெதைக்கல" என்றேன்.